ஊட்டி எங்கேயும் போயிடாது... ஆனா இந்த நாடகம் போயிடும்! - கோவை ஜோடிகளுக்கு ஒரு திருச்சூர் வீக்எண்ட் கைடு

'வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரெண்டு பேரும் மட்டும் எங்கயாவது போயிட்டு வரணும்' - கல்யாணமான புதுசுல எல்லா ஜோடியும் எடுக்குற சபதம் இது. முதல் வருஷம் ஊட்டி. ரெண்டாவது வருஷம் வால்பாறை ப்ளான் பண்ணி, கடைசி நிமிஷத்துல ஆபீஸ் ரிலீஸ் வந்து கேன்சல். மூணாவது வருஷம் 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்'. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே காணோம். சரிதானே மக்களே?

இதுல ஊட்டி மேல தப்பே இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டினா மலை. எப்ப வேணாலும் போலாம். எப்ப வேணாலும் போலாம்ங்கிறதுதான் சிக்கலே! அதனாலதான் அது தள்ளிப்போய்க்கிட்டே இருக்கு. வருஷத்துல ஒரே வாரம் மட்டும் நடக்குற ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டா, தேதியை நாம முடிவு பண்ண வேண்டியதில்லை. அதுவே நம்மைக் கூப்பிடும். அப்படி ஒண்ணு கோயம்புத்தூர்லேருந்து சுமார் 115 கிலோமீட்டர் தூரத்துல, திருச்சூர்ல நடக்குது. கேரள சர்வதேச நாடக விழா. மலையாளிகள் செல்லமா 'இட்ஃபோக்'னு சொல்வாங்க.

'நாடகமா? ஸ்கூல் ஆண்டு விழாவுல பாத்ததோட சரி'னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க பாஸ். உங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

என்ன விழா இது?

கேரள சங்கீத நாடக அகாடமி 2008-ல் தொடங்கிய விழா. அப்போது அகாடமியின் தலைவராக இருந்தவர் நடிகர் முரளி. 'ஜெமினி' படத்துல போலீஸ் கமிஷனரா வந்து விக்ரமை மிரட்டுவாரே, அவரேதான். 'நெய்த்துக்காரன்' மலையாளப் படத்துக்காக தேசிய விருது வாங்கினவர். சினிமாவுல அவ்ளோ பிஸியா இருந்தப்பவும் நாடக மேடையை விடாதவர். 'லங்காலட்சுமி' நாடகத்துல தனி ஆளா ராவணனா நின்னவர். விழா தொடங்கின அடுத்த வருஷமே, 2009 ஆகஸ்ட்டில் இறந்துட்டார். இன்னைக்கு அகாடமி வளாகத்துல அவர் பெயரிலேயே ஒரு அரங்கம் இருக்கு.

அந்த வளாகம் இருப்பது திருச்சூர் செம்புக்காவு பகுதியில். ரயில்வே ஸ்டேஷன்லேருந்து ஆட்டோவுல பத்து, பதினஞ்சு நிமிஷம். நாடக ஆசிரியர் கே.டி.முகமது பெயரிலான ரீஜனல் தியேட்டர், முரளி அரங்கம், பிளாக் பாக்ஸ் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ள. பிளாக் பாக்ஸ்னா, சுவரெல்லாம் கறுப்பா இருக்கும் ஒரு பெரிய அறை. உயரமான மேடை, திரைச்சீலைன்னு எதுவும் கிடையாது. நடிகர் உங்களுக்கு நாலடி தள்ளி நிப்பார். அவர் மூச்சு வாங்குறதுகூடக் கேட்கும். முதல் தடவை போறவங்க அங்கதான் கிறங்கிப்போவாங்க.

வர்ற நாடகங்கள் லோக்கல் இல்லை. 2023 பிப்ரவரி விழாவுக்கு பீட்டர் புரூக்கின் 'டெம்பெஸ்ட் புராஜெக்ட்' வந்துச்சு. 1985-ல் பிரான்ஸின் அவிஞ்ஞோன் விழாவுல மகாபாரதத்தை மேடையேத்தி உலகத்தையே திரும்பிப் பார்க்க வெச்ச அதே புரூக். அதுல திரௌபதியா நடிச்சது நம்ம மல்லிகா சாராபாய். புரூக் 2022 ஜூலையில் காலமானார். ஏழு மாசம் கழிச்சு, பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் அவரோட நாடகம் நடந்துச்சு. பாரிஸ் போய் பாக்க வேண்டியதை, சனிக்கிழமை காலையில வீட்ல இட்லி சாப்பிட்டுட்டுக் கிளம்பிப் போய்ப் பாக்கலாம்னா, அதை விடலாமா?

டிக்கெட் விலையைக் கேட்டா இன்னும் ஷாக் ஆவீங்க. அரசு அகாடமி நடத்துறதால, ஒரு நாடகத்துக்கான டிக்கெட் நம்ம மால் தியேட்டர் பாப்கார்னைவிடக் கம்மி.

தேதிதான் வில்லன்

விழா வருஷா வருஷம் ஒரே தேதியில வராது. 2020-ல் ஜனவரி 20 முதல் 29 வரை. 2023-ல் பிப்ரவரி 5 முதல் 14 வரை. 2024-ல் பிப்ரவரி 9 முதல் 16 வரை. 2025-ல் பிப்ரவரி 23-ல் ஆரம்பிச்சு மார்ச் 2-ல் முடிஞ்சது. கொரோனாவால 2021, 2022 ரெண்டு வருஷமும் விழாவே இல்லை. ஆக, பொங்கல் முடிஞ்ச கையோட அகாடமியின் சோஷியல் மீடியா பக்கங்களை ஒரு கண் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

கவனிச்சீங்களா? இது அப்படியே தை, மாசி. நம்ம கொங்கு நாட்டுல இந்த ரெண்டு மாசமும் எப்படி இருக்கும்னு தனியா சொல்லணுமா? முகூர்த்தத்துக்கு மேல முகூர்த்தம். ஒரே ஞாயித்துக்கிழமையில பெருந்துறையில ஒண்ணு, பொள்ளாச்சியில ஒண்ணுன்னு பத்திரிகை வந்து நிக்கும். இணைச்சீருக்கு வரலைன்னா பெரியம்மா ஆறு மாசத்துக்குப் பேசமாட்டாங்க. இடையில கோனியம்மன் தேர் வேற. 'ஏங்கண்ணு, நாடகம் பாக்கறதுக்கு கேரளா வரைக்கும் போகோணுமா? டி.வி-ல ஓடறது பத்தாதா?'ன்னு அத்தை கேக்கத்தான் செய்வாங்க.

இந்த இடத்துலதான் பெரும்பாலான ஜோடிகளோட ப்ளான் உடையுது. எங்க வீட்டு வழி இதுதான். விழா தேதி அறிவிச்ச அன்னைக்கே ரெண்டு வீட்டுக்கும் சொல்லிடுவோம். கல்யாணம் இருந்தா முந்தின நாள் சாயங்காலமே போய் மொய் வெச்சு, முகம் காட்டிட்டு வந்துடுவோம். 'திருச்சூர்ல ஒரு விசேஷம்'னு சொன்னா யாரும் மேற்கொண்டு கேக்கறதில்லை. பொய்யும் இல்லை. விசேஷம்தானே!

இன்னொண்ணு, அந்த ரெண்டு நாளுக்கு வேற யாரையும் சேர்த்துக்காதீங்க. 'நாங்களும் வர்றோம்'னு ஃப்ரெண்ட்ஸ் ஜோடி ஒண்ணு ஒட்டிக்கிட்டா, பேச்சு நாலு பேர் பேச்சா மாறிடும். உங்க ரெண்டு பேரோட பேச்சு பின்னால போயிடும். ஃப்ரெண்ட்ஸுக்கு ஊட்டி இருக்கே!

எப்படிப் போறது?

ட்ரெயின்தான் பெஸ்ட். ரெண்டுலேருந்து மூணு மணி நேரம். கோவை வழியா கேரளா போற ட்ரெயின்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை... சில தொலைதூர ட்ரெயின்கள் கோவை ஜங்ஷனுக்கு வராம போத்தனூர் வழியாவே போயிடும். டிக்கெட்ல எந்த ஸ்டேஷன்னு பார்த்துட்டு வீட்டை விட்டுக் கிளம்புங்க. பஸ்னா, உக்கடத்துலேருந்து பாலக்காடு போய் மாறிக்கலாம். கொஞ்சம் மெதுவாப் போகும், ஆனா எப்பவும் பஸ் இருக்கும்.

கார், பைக் ஜோடிகளுக்கு வாளையார் தாண்டி நேஷனல் ஹைவே. முன்னாடியெல்லாம் குதிரான் மலைப்பாதையில மாட்டினா அவ்ளோதான். 2021 ஜூலை கடைசியில அங்கே சுரங்கப்பாதை திறந்த பிறகு ரூட் ஈஸியாயிடுச்சு. கேரளாவின் முதல் சாலைச் சுரங்கம் அது. பாலக்காட்டுக்கு முன்னாடியே ராமசேரிக்கு ஒரு சின்ன டீவியேஷன் போடலாம். மண்பானை வாயில கயித்து வலை கட்டி, துணி விரிச்சு வேக வைக்குற இட்லி. பார்க்க குட்டி ஊத்தப்பம் மாதிரி தட்டையா இருக்கும். செய்றது தமிழ் பேசுற முதலியார் குடும்பங்கள். 'ரெண்டு செட் குடுங்க'ன்னு தமிழ்லயே கேளுங்க.

வெள்ளிக்கிழமையோ திங்கட்கிழமையோ ஒரு நாள் லீவு கிடைச்சா, வழியில செருதுருத்தியில இருக்கும் கேரள கலாமண்டலத்தை விட்டுடாதீங்க. ஷொரணூர்ல இறங்கினா பாரதப்புழையைத் தாண்டி கொஞ்ச தூரம்தான். கவிஞர் வள்ளத்தோளும் முகுந்த ராஜாவும் 1930-ல் தொடங்கினது. வகுப்பு நடக்கிற வார நாள்ல போனா, கதகளி கத்துக்கிற பசங்க கண்ணை மட்டும் உருட்டி உருட்டிப் பயிற்சி எடுக்கறதைப் பாக்கலாம். அதைப் பார்த்துட்டுப் போய் சாயங்காலம் நாடகம் பாத்தா, நடிகரோட முகத்தைப் பாக்கிற விதமே மாறிடும்.

நாடகம் பார்க்கத் தெரியணுமா?

தெரிய வேண்டியதில்லை. ஆனா அஞ்சாறு விஷயம் தெரிஞ்சா ஏமாற்றம் மிச்சமாகும்.

முதல்ல, ஒரு நாளைக்கு ரெண்டு நாடகம் போதும். அட்டவணையைப் பார்த்தா காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் ஏதாவது இருக்கும். 'வந்ததுக்கு நாலையும் பாத்துடுவோம்'னு கிளம்பினா மூணாவதுல ஒருத்தர் தூங்குவீங்க. நாலாவதுல ரெண்டு பேரும். சனி, ஞாயிறு சேர்த்து நாலு நாடகம்னு வெச்சுக்கோங்க. அதுல ரெண்டை அவர் செலக்ட் பண்ணட்டும், ரெண்டை நீங்க பண்ணுங்க. ஒருத்தர் செலக்ட் பண்ணினதை இன்னொருத்தர் குறை சொல்லாம வந்து உக்காரணும். இந்த ஒரு ரூல்தான் முக்கியம். நமக்குப் பிடிச்சதை மட்டுமே பாக்கறதுக்குத்தான் ஓ.டி.டி இருக்கே... ஆளுக்கொரு ஹெட்போன் போட்டு!

வெளிநாட்டு நாடகம்னா வசனம் ஸ்பானிஷ்ல இருக்கலாம், அரபியில இருக்கலாம். மேடைக்கு மேலயோ பக்கத்துலயோ ஒரு திரையில இங்கிலீஷ்ல வரிகள் ஓடும். முதல் வரிசையில உக்காந்தா கழுத்து வலிக்கும், நடிப்பும் போச்சு, வரியும் போச்சு. நடுவுலேருந்து பின்வரிசைதான் இதுக்குச் சரி. வசனமே இல்லாத நாடகம்னா முன்னாடி போய் உக்காருங்க. கதைச்சுருக்கத்தை மட்டும் முன்கூட்டியே போன்ல படிச்சுடுங்க. சினிமா மாதிரி ஸ்பாய்லர் பயம் இங்கே வேண்டாம். கதை தெரிஞ்சிருந்தா வரிகளைத் துரத்தாம மேடையைப் பாக்கலாம்.

டிக்கெட்டை ஆன்லைன்ல திறந்த உடனே போட்டுடணும். பேர் பெற்ற நாடகங்கள் சீக்கிரமே தீர்ந்துடும். கிடைக்கலைன்னாலும் கவுன்ட்டர்ல வரிசையில நின்னு பாக்கலாம். திருச்சூர்க்காரங்க அந்த வரிசையில நிக்கறதே ஒரு காட்சி. லுங்கி கட்டின தாத்தா, காலேஜ் பசங்க, கைக்குழந்தையோட ஒரு அம்மா எல்லாரும் ஈரான் நாடகத்தைப் பத்திப் பேசிக்கிட்டு நிப்பாங்க. நம்ம ஊர்ல அந்த வரிசை புதுப்பட ரிலீஸுக்கு மட்டும்தான். லேசா பொறாமையா இருக்கும். இருக்கட்டும்.

லேட்டாப் போனா உள்ளே விடமாட்டாங்க. கோவை டைம் அங்கே செல்லாது. அப்புறம் போன். சைலன்ட் பத்தாது, ஸ்விட்ச் ஆஃப். இருட்டான பிளாக் பாக்ஸ்ல உங்க ஸ்க்ரீன் வெளிச்சம் நடிகர் கண்ணுல டார்ச் அடிச்ச மாதிரி இருக்கும். ஒண்ணரை மணி நேரம் ரெண்டு பேரும் போன் இல்லாம பக்கத்துப் பக்கத்துல உக்காந்து ஒரே விஷயத்தைப் பாக்கறது கடைசியா எப்போன்னு யோசிச்சுப் பாருங்க.

புரியலைன்னா என்ன பண்றது?

இதுதான் பெரிய பயம். 2023 விழாவுக்கு இத்தாலி இயக்குநர் ரோமியோ காஸ்டெலூசியின் 'தேர்ட் ரைஷ்' வந்துச்சு. அகராதியில இருக்கும் பெயர்ச்சொற்கள் ஒவ்வொண்ணா திரையில வரும். வேகம் கூடிக்கிட்டே போகும். காது அதிர்ற சத்தம். ஒரு கட்டத்துல கண்ணால படிக்கவே முடியாது. வழக்கமான அர்த்தத்துல கதையும் கிடையாது, வசனமும் கிடையாது. 'இது நாடகமே இல்லை'ன்னு ஒருத்தர் சொல்லலாம். 'மூச்சு விடாம வார்த்தைகளை நம்ம மேல கொட்டி யோசிக்க விடாம பண்ணினா, அதுதான் சர்வாதிகாரம்'னு இன்னொருத்தர் சொல்லலாம். ரெண்டு பேருமே தப்பு இல்லை.

ஒரு நல்ல நாடகம் ஜோடிக்குக் கொடுக்கிற பரிசு இந்தச் சண்டைதான். கல்யாணமாகி அஞ்சாறு வருஷம் ஆனா, நம்ம பேச்சு எதைப் பத்தி இருக்கு? இ.எம்.ஐ, ஸ்கூல் ஃபீஸ், கேஸ் புக் பண்ணியாச்சா, உங்க அம்மா, எங்க அம்மா. இதுல எதுல கருத்து வேறுபாடு வந்தாலும் யாராவது ஒருத்தர் காயப்படுவோம். நாடகத்தைப் பத்தி எவ்வளவு வேணாலும் சண்டை போடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. 'அந்த அம்மா கடைசியில ஏன் கதவைத் திறந்து விட்டா?'ன்னு அவர் கேக்கறப்போ, 'ஏனுங்க, அது கதவே இல்லீங்'ன்னு நீங்க சொல்றப்போ, இத்தனை வருஷம் கூட இருந்த ஆளு இப்படியெல்லாம் யோசிப்பாரான்னு ரெண்டு பேருக்கும் ஒரு ஆச்சர்யம் வரும்.

அதனால நாடகம் முடிஞ்ச உடனே ரூமுக்கு ஓடாதீங்க. சுவராஜ் ரவுண்டுக்கு வாங்க. ஊர் நடுவுல வடக்குநாதன் கோயில், அதைச் சுத்தி தேக்கின்காடு மைதானம், அதைச் சுத்தி ரோடு. பூரம் நடக்கிற அதே இடம். ராத்திரி தட்டுக்கடையில ஒரு கட்டன்சாயா, ஒரு ஆம்லெட். பேச வேண்டியதை அங்கே பேசிக்கோங்க. அடுத்த நாள் காலையில பல வருஷங்கள்ல இயக்குநர்களோட உரையாடல் நிகழ்ச்சியும் வெச்சிருக்காங்க. நேத்து ராத்திரி சண்டைக்குத் தீர்ப்பு கேக்க அங்கே போகலாம். பெரும்பாலும் இயக்குநரும் நேரடியா பதில் சொல்லமாட்டார்!

செலவு? போக வர ட்ரெயின், ஒரு ராத்திரிக்கு சுமாரான ரூம், நாலு நாடகம், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து ரெண்டு பேருக்கும் அஞ்சாயிரம் ரூபாய்க்குள்ள அடக்கலாம். ரூமை மட்டும் தேதி வந்த உடனே போட்டுடுங்க. விழாவுக்கு வர்ற கூட்டம் செம்புக்காவு பக்கம் இருக்கும் ரூம்களை அள்ளிடும். குழந்தை இருக்கா? பிளாக் பாக்ஸ் வேண்டாம். வெளியில நடக்கிற பாட்டு, தெருநாடகம், நாட்டுப்புற நிகழ்ச்சிகளுக்குக் கூட்டிட்டுப் போகலாம். இல்லைன்னா ஆளுக்கொரு நாடகம்னு மாத்தி மாத்திப் பாருங்க. ஒருத்தர் பாத்த நாடகத்தை இன்னொருத்தருக்கு நடிச்சுக் காட்டணும்ங்கிறது கண்டிஷன்.

திருச்சூர் மிஸ் ஆகிடுச்சா?

புதுச்சேரிக்குப் பக்கத்துல ஆரோவில் ஏரியாவுல ஆதிசக்தி நாடகக் குழு இருக்கு. அதை உருவாக்கின வீணாபாணி சாவ்லா 2014-ல் இறந்த பிறகு, அவர் நினைவா வருஷா வருஷம் கோடையை ஒட்டி ஒரு விழா நடத்துறாங்க. பெங்களூரு ஜே.பி. நகர்ல 2004-ல் தொடங்கின ரங்க சங்கரா அரங்கத்துல வருஷம் பூரா நாடகம் நடக்குது. ராத்திரி பஸ் ஏறினா காலையில அங்கே.

ஆனா அவ்ளோ தூரம் போறதுக்கு முன்னாடி, நம்ம ஊர்ல நடக்கறதைப் பாத்தாச்சான்னு ஒரு கேள்வி இருக்கு. கொங்கு நாட்டுல நாடக விழா இல்லைன்னு சொல்றவங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல ஊர்க்கோயில் பக்கம் போகாதவங்க. அண்ணன்மார் கதையை எடுத்துக்கோங்க. பொன்னர், சங்கர், தங்கச்சி அருக்காணித் தங்காள். நம்ம தாத்தா, பாட்டி உடுக்கைச் சத்தத்தோட விடிய விடியக் கேட்ட கதை. 1965-ல் காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்துல தங்கியிருந்த மானுடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக், இந்தக் கதை 18 ராத்திரி பாடப்பட்டதை அப்படியே டேப்ல பதிவு பண்ணினார். வெப் சீரிஸ் எத்தனை சீசன் வரும் கணக்குப் போட்டுக்கோங்க!

அந்தக் கதையோட உச்சம் படுகளம். அண்ணன்மார் செத்து விழற கட்டம். அண்ணன்மார் கோயில் திருவிழாக்கள்ல ஊர்க்காரங்களே அருள் வந்து களத்துல விழுவாங்க. உசிரே இல்லாத மாதிரி வரிசையாக் கிடப்பாங்க. தங்காள் வந்து தீர்த்தம் தெளிச்சு ஒவ்வொருத்தரா எழுப்பணும். சுத்தி நிக்கிற சனம் அழும். பார்வையாளர், நடிகர்ங்கிற கோடு அங்கே கிடையாது. அந்தக் கோட்டை அழிக்கத்தான் ஐரோப்பாவுல எத்தனையோ இயக்குநர்கள் வாழ்நாள் பூரா முயற்சி பண்ணினாங்க. மணப்பாறை பக்கம் வீரப்பூர்ல மாசித் திருவிழா இந்தக் கதையை ஒட்டியே நடக்குது.

இன்னும் வடக்கே போனா, சேலம், நாமக்கல், மேட்டூர் பக்கம் தெருக்கூத்தும் தோல்பாவைக்கூத்தும் இன்னும் உசிரோட இருக்கு. மேட்டூர் வட்டம் ஏர்வாடியில எழுத்தாளர் மு.ஹரிகிருஷ்ணன் 'மணல்வீடு' சிற்றிதழ் நடத்திக்கிட்டே கூத்துக் கலைஞர்களுக்காகப் பல வருஷமா வேலை செய்றார். அவர் நடத்துற கூத்து நிகழ்ச்சிகளுக்கு அறிவிப்பு வந்தா விட்டுடாதீங்க. மேக்கப் போடறதிலேருந்து பாக்கலாம். முகத்துல அரிதாரம், தோள்ல புஜக்கட்டை, தலையில கிரீடம்னு ஒரு விவசாயக் கூலி ஒரு மணி நேரத்துல துரியோதனனா மாறி எழுந்து நிக்கறது, எந்த பிளாக் பாக்ஸுக்கும் குறைஞ்சது இல்லை.

இந்தக் கூத்துக்கும் படுகளத்துக்கும் ஆன்லைன் டிக்கெட், அட்டவணை எதுவும் கிடையாது. ஊர்ச் சுவத்துல ஒட்டின நோட்டீஸ், பஸ் ஸ்டாண்ட் ஃப்ளெக்ஸ், அப்புறம் உங்க அம்மாயிக்கு ஒரு போன். 'அம்மாயி, இந்த வருஷம் கூத்து எப்போ?'ன்னு கேளுங்க. தேதி சரியாச் சொல்வாங்க. கீழ விரிக்க ஒரு ஜமக்காளம், பனிக்குத் தலையில கட்ட ஒரு துண்டு, ஃப்ளாஸ்க்ல டீ. கூத்து சூடு பிடிக்க ராத்திரி ஒரு மணி ஆகும். அதுக்கு முன்னாடி தூங்கினாலும் பரவாயில்லை, ஒருத்தரை ஒருத்தர் எழுப்பி விட்டுக்கோங்க.